நந்தியாவட்டை அண்ணாச்சியின் கண்

திருநெல்வேலிச் சீமையில் முளைத்த பச்சிலைகளில் சரிபாதியை ஆடுமாடு தின்றது. மீதிப் பாதி நந்தியாவட்டை அண்ணாச்சியின் கண்ணுக்குள் போயிற்று. இதை மிகை என்று நினைக்கிறவர்கள், பாளையங்கோட்டையில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த அவருடைய வளவில் ஒரு வாரமாவது இருந்து பார்த்திருக்க வேண்டும்.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்கும். பென்ஷன் கொடுக்கிற கச்சேரியில் அது யாருக்காவது தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. உச்சிப்பொழுதானால் வளவு முற்றத்து வேப்ப நிழலில் நார்க்கட்டிலைப் போட்டு மல்லாந்து படுத்து, மூடிய இமை இரண்டின் மேலும் வெள்ளை வெளேரென்று நந்தியாவட்டைப் பூவை அப்பிக்கொண்டு அசையாமல் கிடப்பார். பெயருக்கு அது போதாதா? புதிதாக வளவுக்குள் நுழைகிறவர்கள் இந்தக் காட்சியைக் கண்டு பதறி, குரலைத் தாழ்த்தி, "எப்ப எடுக்காவ?" என்று விசாரித்ததுண்டு. பூவை எடுக்காமலே கட்டிலிலிருந்து பதில் வரும்.

"இன்னும் நாளாகும்வே. நீரு போயிட்டு வாரும்."

இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம். நான் கரிசல்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து, முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ஊரில் எனக்கு ஓர் ஆளையும் தெரியாது. பகலெல்லாம் யாருடைய வழக்கையோ யாருடைய வார்த்தையிலோ எழுதிவிட்டு, சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் என் சொந்த வார்த்தை ஒன்றைச் சொல்ல ஆள் கிடையாது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்த முதல் வாரத்தில் ஒருநாள், வளவே அதிரும்படி ஒரு குரல் கேட்டது.

"குமாஸ்தா ராமையா! குமாஸ்தா ராமையா! குமாஸ்தா ராமையா ஆஜர்!"

முன்சீப்தான் நேரில் வந்து வாசலில் நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன். சட்டையில் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். நார்க்கட்டிலில் ஒரு பெரியவர் கையில் சிரட்டையோடு உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. நல்ல உயரம். கண் இரண்டும் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தன.

"நீருதானா புதுக் குமாஸ்தா? கை நடுங்குமா உமக்கு?"

"நடுங்காது."

"அப்பம் இங்கன வாரும். இந்தச் சாறை வலது கண்ணுல ரெண்டு சொட்டு விடும். பைய."

நான் அதுவரை யார் கண்ணிலும் எதையும் விட்டதில்லை. முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. அடுத்தது காதுப் பக்கம் ஓடியது.

"என்னவே, கண்ணு எங்கன இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

"இருட்டிட்டு அண்ணாச்சி, சரியாத் தெரியல."

"இருட்டுனா எனக்குல்லா இருட்டணும். உமக்கு என்ன கேடு?"

அன்றிலிருந்து சாயங்காலச் சொட்டு என் பொறுப்பாயிற்று.

அவர் எங்கள் கோர்ட்டிலேயே டவாலி சேவகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பிறகு தெரிந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையும் வில்லையும் மாட்டிக்கொண்டு, கோர்ட்டு வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வாழ்நாள் முழுக்க அவருடைய வேலை. அவர் கூப்பிட்டால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற கட்சிக்காரன் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்வான் என்பார்கள். வேலை போன பிறகும் தொண்டை மட்டும் பென்ஷன் வாங்கவில்லை. தண்ணீர் வேண்டுமா, பூப் பறிக்க ஆள் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் கோர்ட்டுக் கூப்பாடுதான்.

கண் பைத்தியம் அவருக்கு உத்தியோகக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று யாரோ ஒரு வைத்தியர் சொல்ல, இவர் அரைப்படி எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வெறுங்காலோடு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். வழவழவென்று தேய்ந்த தளம். வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டுவிட்டு, வழக்குக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பியவர், காலைத் தூக்கி வைக்காமலே சாட்சிக் கூண்டைத் தாண்டி, வக்கீல்களைத் தாண்டி, முன்சீப் மேஜையில் போய் முட்டி நின்றார். முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கட்சிக்காரனைத்தானே வரச் சொன்னேன், உனக்கு என்னய்யா இத்தனை அவசரம்?" என்று கேட்டாராம். பழைய குமாஸ்தாக்கள் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த வழுக்கல் தூரம் ஒரு முழம் கூடிக்கொண்டே போயிற்று.

நான் பார்க்கவே நடந்தவை வேறு. திரிபலாப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து, விடிந்ததும் அந்தத் தண்ணீரில் கண்ணைக் கழுவுவார். பிறகு கரிசலாங்கண்ணிச் சாற்றில் திரி நனைத்துக் காய்ச்சிய மை. அதன் பிறகு தேன். தேன் விட்டதும் கண்ணில் ஆயிரம் எறும்பு கடித்தது மாதிரி ஒரு சத்தம் போடுவார். "எரியுதா அண்ணாச்சி?" என்று கேட்டால், "எரியாத மருந்து என்ன மருந்துவே? சர்க்கரைப் பொங்கலா?" என்பார்.

பொன்னாங்கண்ணிக் கீரையை நெய்விட்டு வதக்கித் தினமும் தின்றால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்பது அவர் கட்சி. ஒருநாள் நல்ல உச்சி வெயிலில் முற்றத்தில் நின்று ஆகாசத்தைக் காட்டி, "அந்தா வெள்ளி!" என்று கத்தினார். வளவு முழுக்க வெளியே வந்து கழுத்தை நிமிர்த்தியது.

"அண்ணாச்சி, வெள்ளி ரெக்கை அடிக்குதே" என்றேன்.

"அது அப்பிடித்தான் மினுக்கும்."

வெள்ளி இரண்டு வட்டம் சுற்றிவிட்டு, எதிர்வீட்டுக் கோழிக்குஞ்சைக் கவ்விக்கொண்டு போயிற்று.

இன்னொரு சமயம், தாய்ப்பால் விட்டால் கண் தெளியும் என்று கேள்விப்பட்டார். வளவின் கடைசி வீட்டில் ஒரு தையற்காரர். அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. இவர் பாட்டுக்குப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடைக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்று, என்ன வேண்டும் என்பதைக் கோர்ட்டுக் குரலில் சொல்லிவிட்டார். நான்கு தெருவுக்குக் கேட்டது. தையற்காரர் கஜக்கோலை எடுத்துக்கொண்டு துரத்த, அண்ணாச்சி குத்துமதிப்பாக ஓடிக் கிணற்றுச் சுவரில் முட்டிக்கொண்டார். நெற்றியில் ரத்தத்தைப் பார்த்ததும் தையற்காரர் கோலைப் போட்டுவிட்டு அழாத குறையாக அவரைத் தூக்கினார். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. இந்த மனிதருக்குக் கிணறு இருக்கிற இடம்கூடத் தெரியவில்லை. மறுநாள் காலையிலிருந்து பாலாடையில் கொஞ்சம் பால் தானாக வந்தது. தையற்காரரே கொண்டுவந்து, தன் கையாலேயே விட்டு, சிறிது நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்.

பொன்னாங்கண்ணி கொண்டுவந்தவள் சொர்ணம். பக்கத்து வண்ணாரப்பேட்டை வயல்களுக்கு நடுவே ஆற்றைப் பார்த்த ஒரு குடிசையில் தனியாக இருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. புருஷன் இல்லை. ஒரே மகள் கலியாணமாகி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். கீரைக் கூடையை இறக்கிவைத்ததும் சொர்ணத்துக்கும் அண்ணாச்சிக்கும் விசாரணை ஆரம்பமாகும்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது நான் தெரியுதனா?"

"தெரியாம என்ன? செவப்புச் சேலை."

"பச்சை."

"ஏளா, நேத்து செவப்பு கட்டியிருந்தே."

"நேத்தும் இதே பச்சைதான். எங்கிட்ட வேற ஏது?"

இதற்குப் பிறகு கீரை முற்றல், கட்டு சிறிசு, போன வாரம் மண் இருந்தது என்று வாய்ச்சண்டை நீளும். மற்ற வீடுகளில் வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஓடுகிற சொர்ணம், இந்தச் சண்டைக்கு மட்டும் கூடையை ஓரமாக வைத்து உட்கார்ந்துகொள்வாள்.

கண் தேறவில்லை. நாளுக்கு நாள் திரை தடித்துக்கொண்டு வந்தது. ஒருமுறை தெருவில் எதிரே வந்த கோயில் காளைக்கு, எங்கள் ஹெட்குமாஸ்தா என்று நினைத்துக் கும்பிடு போட்டு, பிள்ளைகள் சௌக்கியமா என்று விசாரித்தார். ஹெட்குமாஸ்தாவுக்கு விஷயம் எட்டி, அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நாங்கள் சிரித்தோம். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு தனியே தெருவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

சிரிப்பு நின்றது மாசித் திருவிழாவோடு. திருச்செந்தூருக்குப் போகிற வண்டிக் கூட்டத்தோடு அவரும் போயிருந்தார். அங்கே கடற்கரையில் துணி விரித்து மருந்து விற்கிற ஒருவன், கடல்நுரையும் ஏதோ செடியின் பாலும் சேர்த்து அரைத்த மை ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டான். ஒரே தடவை தீட்டினால் போதும், திரை தோலுரிந்து விழுந்துவிடும் என்றானாம். எங்கள் வளவில் அவர் கண்ணுக்குள் போன எந்த மருந்தும் யாராவது ஒருவர் கையால்தான் போயிருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் யாரையும் கூப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, அவரே தீட்டிக்கொண்டார். நாங்கள் தடுத்துவிடுவோம் என்று பயம். இடது கண்ணில் முதலில் தீட்டிப் பார்ப்போம் என்று நினைத்தது மட்டும்தான் அவர் செய்த புண்ணியம்.

அவர் அலறியபோது அது கோர்ட்டுக் குரலாக இல்லை. வேறு யாரோ என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் தையற்காரரும் மாட்டுவண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஞானமுத்து என்று ஒரு கம்பவுண்டர். எந்தத் துக்கத்தையும் மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில் சொல்லுவார். டாக்டர் பார்த்துவிட்டுப் போனபின் அவர் எங்களிடம் வந்தார்.

"இடது கண்ணு போயிட்டு. அதுல இனி ஒண்ணும் இல்ல. வலது கண்ணுல இருக்கது பொரை. வயசானா வாரதுதான். அது பச்சிலைக்குக் கரையாது, பூவுக்கும் கரையாது. கத்தி வச்சுப் பொரையை எடுத்துட்டா பார்வை வரும்னு டாக்டர் சொல்லுதாரு. புண்ணு ஆறட்டும், கூட்டிட்டு வாங்க."

"வராம போனா?" என்றார் கட்டிலில் கிடந்த அண்ணாச்சி.

"இருட்டிரும்."

"கத்தி வச்சும் வராம போனா?"

"அப்பமும் இருட்டிரும்" என்றார் ஞானமுத்து. அவருக்குப் பொய் சொல்ல வராது.

புண் ஆறியது. அண்ணாச்சி ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு நந்தியாவட்டை, ஒற்றைக் கண்ணுக்குச் சொட்டு என்று பழையபடி தொடங்கிவிட்டார். கத்திக்குப் பயம் என்று வளவு முடிவு கட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் சொட்டு விடப் போனபோது, பொறுக்க முடியாமல் சத்தம் போட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, இருக்கது ஒரு கண்ணு. அதையும் இப்பிடியே விட்டுட்டு இருட்டுல கெடக்கப் போறேளா? அந்த டாக்டர் கத்தியில எத்தனை பேருக்குப் பார்வை வந்திருக்கு!"

அவர் நிமிர்த்திய முகத்தைத் தாழ்த்தவில்லை. சொட்டுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருந்தார்.

"வந்துரும்வே. எனக்கும் தெரியும்."

"பொறவு என்ன?"

"கண்ணு தெரிஞ்சுட்டா, தையக்காரரு எதுக்கு இங்க வருவாரு?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"சொர்ணம் கீரைக்கட்டோட வாரா. செத்த நேரம் இருக்கா. தையக்காரரு பாலாடையோட வாராரு. நீரு சாயங்காலமானா வாரீரு. பூப் பறிச்சுக் குடுக்க இந்த வளவுல யாராவது வாராவ. எம் பொண்டாட்டி போனதுக்குப் பொறவு, இந்தக் கண்ணு கெட்டுப்போற வரைக்கும், இந்த நடைக்கு ஒரு ஈ காக்கா வந்ததில்ல. கோர்ட்டுல அத்தனை பேரைக் கூப்பிட்டேன். அத்தனை பேரும் வந்தாவ. உள்ள போனாவ. எங்கிட்டயா வந்தாவ?" விரலால் இமையை விரித்துப் பிடித்தார். "சரி, சொட்டை விடும். கழுத்து வலிக்கி."

விட்டேன். கை நடுங்கியது. அறைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது, அவருடைய கண்ணில் சொட்டு விடுகிற வேலை இல்லாதிருந்தால் அந்த ஊரில் நான் போய் உட்கார எனக்கு எந்த வாசல் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதன் பிறகு நான் அவரை வற்புறுத்தவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சொர்ணம் வரவில்லை. மழைக்காக நின்றிருப்பாள் என்று முதலில் விட்டுவிட்டோம். வெயில் அடித்த பிறகும் வரவில்லை. தெருவில் போன இன்னொரு கீரைக்காரி, "அவ காய்ச்சல்ல கெடக்கா, பாக்க ஆளில்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் கோர்ட்டில் இருந்தேன். தீபாவளி நெருங்கியதால் தையற்காரர் துணிக் குவியலுக்குள் இருந்தார். அண்ணாச்சி யாரையும் கூப்பிடவில்லை. தடவித் தடவி அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சி, தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு, கம்பை ஊன்றியபடி தனியாகவே புறப்பட்டுவிட்டார்.

வேலை முடிந்து அன்று நான் வண்ணாரப்பேட்டையில் ஒருவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. ரோட்டோரம் மூன்று நான்கு வண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வயலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நெருங்கும் முன்பே குரல் என் காதில் விழுந்துவிட்டது.

"கீரைக்காரி சொர்ணம்! கீரைக்காரி சொர்ணம்! கீரைக்காரி சொர்ணம் ஆஜர்!"

நடவு முடிந்த வயலின் நடுவில், முழங்கால் வரை சேற்றில், அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். வாய்க்கால் வரப்பில் வழி தவறி இறங்கியிருக்கிறார். கம்பு எங்கேயோ போய்விட்டது. கஞ்சி சிந்திவிடக் கூடாது என்று தூக்குச் சட்டியைத் தலைக்கு மேலே இரு கையாலும் ஏந்திக்கொண்டு, ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குடிசை அவர் முதுகுக்குப் பின்னால் கல்லெறி தூரத்தில் இருந்தது. எத்தனை நேரமாக நின்றாரோ, தொண்டை கம்மியிருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் இறங்குவதற்குள் குடிசைக் கதவு திறந்தது. கம்பளியைச் சுற்றிக்கொண்டு சொர்ணம் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணாச்சி! நான் இங்கன இருக்கேன். இந்தப் பக்கம் திரும்புங்க!"

அவர் திரும்பினார். முகத்தில் சேறு தெறித்திருந்தது.

"ஏளா, நாலு நாளா வாய்தா கூடக் கேக்காம எங்கன போயிட்டே?"

"ஊரே நின்னு சிரிக்குது அண்ணாச்சி."

"சிரிக்கட்டும். கஞ்சி சூடு ஆறிட்டு. அதுதான் கவலை."

தோளில் சாய்த்து அவரைக் கரையேற்றினேன். சொர்ணம் சட்டியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். சட்டி விளிம்பில் பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது; உப்பு என்று நினைத்து அவர் திரிபலாப் பொடியை அள்ளிப் போட்டிருக்கிறார். கசப்பும் துவர்ப்பும் நாக்கைச் சுருட்டியிருக்கும். ஆனாலும் அவள் கடைசிச் சொட்டு வரை குடித்து, சட்டியைக் கழுவிக் கொடுத்தாள்.

"உப்பு சரியா இருந்துதாளா?"

"கணக்கா இருந்துது அண்ணாச்சி."

திரும்பி வரும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆற்றுக் காற்று அடித்தது. வளவுக்குள் நுழைகிற இடத்தில் நின்றார்.

"ஞானமுத்துக்கிட்டச் சொல்லும். வச்சுப் பாக்கட்டும், கத்தியை."

"என்ன அண்ணாச்சி திடீர்னு?"

"அவ வரலைன்னா நான் போகணும்லா? எனக்குப் போகத் தெரியலியேவே."

ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தது பெரிய காரியமில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய காரியம். கண்ணைக் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல்மூட்டை வைத்து, அசையக் கூடாது, இருமக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டையும் அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் எழுந்து வீட்டுக்குப் போகப் பார்த்தார். ஞானமுத்து மணல்மூட்டையை நெருக்கி வைத்துவிட்டு, "பேசுனா வெட்டுன எடம் பிரியும். கண்ணு வேணுமா, தொண்டை வேணுமா?" என்றார்.

காய்ச்சல் தேறிய சொர்ணம் தினமும் வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள். இத்தனை வருஷத்துச் சண்டையில் அவளுக்குச் சொல்லக் கிடைக்காமல் போன பதில்களையெல்லாம் அங்கே வைத்துச் சொல்லித் தீர்த்தாள். கீரைக் கட்டு சிறிசு என்று அவர் சொன்னது எத்தனை அநியாயம் என்று பேசிக்கொண்டே இருப்பாள். அண்ணாச்சி கட்டிலின் மேல் விரலால் தட்டி ஆட்சேபிப்பார். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

கட்டு அவிழ்த்து, பிறகு சோடாப் புட்டியின் அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடியையும் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்த அந்த முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலில் என்னைத்தான் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"யாருவே நீரு?"

"ராமையா."

"ராமையாவா?" அவர் குரலில் ஏமாற்றம். "தொண்டையைக் கேட்டு நல்ல வாட்டசாட்டமான ஆளுன்னுல்லா நெனைச்சிருந்தேன். இதென்ன, தீக்குச்சிக்கு வேட்டி கட்டுன மாதிரி!"

ஞானமுத்து சிரித்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

பிறகு சொர்ணத்தின் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நரைச்சுப் போச்சேளா உனக்கு."

"ஆமா அண்ணாச்சி. நீங்க பாக்காத நேரத்துல நரைச்சுட்டு."

வீட்டுக்கு வந்த பிறகு சொர்ணம் கொண்டுவந்த முதல் கீரைக் கட்டை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிரித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"இது என்னது?"

"பொன்னாங்கண்ணி."

"இதா? இதுல பாதி வாய்க்கால் களைல்லா?"

சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். "மழை இல்லாத மாசத்துல பொன்னாங்கண்ணிக்கு நான் எங்கன போக? வெறுங்கையோட வந்தா நீங்க முகம் சுண்டிப் போவிய. பசேல்னு கெடைச்சதைச் சேத்துக் கட்டிக் கொண்டாந்தேன்."

"அப்பம் இத்தனை வருசமா நான் என்னத்தைத் தின்னேன்?"

"எனக்கே ஞாபகம் இல்ல அண்ணாச்சி."

அவர் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. கட்டை உள்ளே கொண்டுபோய் வதக்கித் தின்றார்.

ஆனால் அவர் பயந்ததும் நடக்கத்தான் செய்தது. தையற்காரர் வீட்டுக் குழந்தை பால்குடி மறந்தது, பாலாடை நின்றது. பூப் பறிக்க ஆள் தேவைப்படவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. பார்வை வந்த காலோடு ஊரெல்லாம் நடந்தார். கோர்ட்டுக்கு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து, புது டவாலி கூப்பிடுவது எலி கீச்சிடுவது மாதிரி இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முன்சீப் அவரை மரியாதையாக வெளியே அனுப்பினார். தையற்காரருக்கு ஊசி கோத்துத் தருகிறேன் என்று போய் நூல்கண்டைச் சிக்கலாக்கினார். எல்லோருக்கும் வேலை இருந்தது. அவர்தான் பாவம், எல்லோரையும் தெளிவாகப் பார்த்தார்.

அடுத்த வெயில்காலத்தில் சொர்ணத்தின் மகள் இலங்கையிலிருந்து வந்து தாயைத் தன்னோடு கூட்டிப் போனாள். அண்ணாச்சி வண்டி வரைக்கும் அவள் மூட்டையைச் சுமந்துகொண்டு போனார். அங்கே கீரை கிடைக்குமா என்று மகளிடம் கேட்டார். கிடைக்கும் என்றாள். "அப்பம் சரி" என்றார். அன்று சாயங்காலம் நான் அவர் நடையில் போய் உட்கார்ந்தேன்.

"என்னவே, என்ன சோலியா வந்தீரு?"

"சோலி ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சும்மாதான்."

"சும்மாவா வந்தீரு?"

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதை அவர் அப்போது மறந்துவிட்டிருக்க வேண்டும்.

எனக்குத் தூத்துக்குடிக்கு மாற்றலானது அதற்குப் பிறகுதான். வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் கேட்காமல் திருநெல்வேலி ஸ்டேஷன் வரை வந்தார். என் டிரங்குப் பெட்டியை நான் தூக்கவிடவில்லை என்று கோபம். வண்டி நின்ற நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயிலா இருக்கு அண்ணாச்சி. நீங்க கெளம்புங்க. வண்டி இப்பம் எடுத்துருவான்."

"எடுக்கட்டும். நீ போ தம்பி. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

அத்தனை வருஷத்தில் அவர் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தது. ஸ்டேஷன் மறைந்தது. அவர் அங்கே நின்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததால், அடுத்த ஸ்டேஷனான தாழையூத்து தாண்டிய பிறகும் ஜன்னலிலிருந்து என் முகத்தை நான் எடுக்கவில்லை.